ஊர்த் திருவிழா எல்இடி வாலுக்கு லைவ் கிராபிக்ஸ்: பழைய லேப்டாப்பில் ஆகுமா?

நவம்பர் 4, கேள்வி

அண்ணா, நான் குமரி மாவட்டம், கருங்கல் பக்கம். இந்த வருசம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பத்து நாளும் மேடைக்குப் பின்னால் எல்இடி வால், அதாவது பேனல்களை அடுக்கிக் கட்டிய பெரிய திரை, நிற்கிறது. பேர் போடுவது, பாட்டு வரி, வில்லிசைக்குப் பின்னணிப் படம், கடைசி நாள் செண்டை அடிக்கிற சிங்காரி மேளத்துக்கு அடிக்கு அடி ஆடுகிற மாதிரி ஏதாவது, எல்லாம் நீ பார்த்துக்கொள் என்று கமிட்டியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னிடம் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய லேப்டாப்தான் இருக்கிறது. கூடப் படித்தவன் ஒருவன், அன்ரியல் எஞ்சின் என்கிற முப்பரிமாண மென்பொருள் ஓடாத மிஷினை வைத்துக்கொண்டு ரியல்டைம் கிராபிக்ஸ் என்று பேசவே கூடாது, ஒன்றரை லட்சத்துக்குப் புதுசு வாங்கு என்கிறான். அப்படியா?

நவம்பர் 4, இரவு

வாங்காதே. அதில் கொஞ்சத்துக்கு நல்ல கேபிளும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கு, மிச்சத்தை வீட்டில் கொடு.

உன் நண்பன் டிவி சேனல்களின் தேர்தல் இரவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறான். அங்கே கேமரா நகர நகரப் பின்னால் இருக்கிற முப்பரிமாண அரங்கமும் சேர்ந்து திரும்ப வேண்டும், அதற்கு விஸ்ஆர்டி, அன்ரியல் மாதிரி பெரிய மென்பொருள் எல்லாம் வேண்டியதுதான். உன் வேலை அது இல்லை. உன் வாலில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடு. பி3.91, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மில்லிமீட்டர் இடைவெளி என்று சொல்கிற வாடகை வாலில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் பேனல் ஒன்றில் 128க்கு 128 பிக்சல். அகலத்தில் எட்டு, உயரத்தில் ஐந்து நிறுத்தினால் நாலு மீட்டருக்கு இரண்டரை மீட்டர், அதாவது அடிக்கணக்கில் பதின்மூன்றுக்கு எட்டு. பிக்சல் 1024க்கு 640, மொத்தம் 6,55,360. சாதாரண ஃபுல் எச்டி படத்திலேயே 20 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட உன் வாலில் கிடையாது. இதை ஓட்ட உன் லேப்டாப் தாராளம்.

தகராறு வருகிற இடம் வேறு. எட்டு மணிக் கூட்டத்துக்கு எட்டு ஐந்துக்கு ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து, தம்பி, இன்னொரு சிறப்பு விருந்தினர் வந்திருக்கிறார், பேரைப் போடு என்பார். அந்தப் பேரைத் தமிழில், பிழையில்லாமல், அவர் படி ஏறுவதற்குள் வாலில் ஏற்ற முடிகிறதா என்பதுதான் உன் பரீட்சை. அதற்குத் தயாராகு, மற்றதெல்லாம் அப்புறம்.

நவம்பர் 5

படம், எழுத்து, வீடியோ எல்லாவற்றையும் காட்சிகளாக அடுக்கித் திரைக்கு அனுப்புகிற ஓபிஎஸ் மென்பொருள் போதும், இலவசம். திறந்ததும் கேன்வாஸை, அதாவது படப்பரப்பை, 1920க்கு 1080 என்று விட்டுவிடாமல் வாலின் அளவையே போடு, 1024க்கு 640. இது 16:10, டிவி மாதிரி 16:9 இல்லை. எச்டி படத்தை அப்படியே இழுத்து நிரப்பினால் முகங்கள் எல்லாம் கொஞ்சம் நீண்டு ஒல்லியாகும். பங்குத்தந்தை ஒல்லியாகத் தெரிந்தால் அவருக்குச் சந்தோசமாக இருக்கலாம், வட்ட லோகோ முட்டையாவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேனல்காரரிடம் முன்னாலேயே போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்: எத்தனைக்கு எத்தனை பேனல், ப்ராசஸரில் (லேப்டாப் படத்தை வாங்கிப் பேனல்களுக்கு அனுப்புகிற பெட்டி) படத்தை இழுக்கிறாரா, இல்லை மேல் இடது மூலையில் இருந்து ஒன்றுக்கு ஒன்று எடுக்கிறாரா. ஒன்றுக்கு ஒன்று எடுக்கச் சொல். இழுத்தால் எழுத்து மசங்கும். பேனல்களுக்குப் படம் அனுப்புகிற நோவாஸ்டார் மாதிரி சென்டிங் கார்டில் ஒரு நெட்வொர்க் போர்ட்டுக்கு ஏறத்தாழ ஆறரை லட்சம் பிக்சல்தான் கணக்கு, இந்த வால் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. அதனால் அவர் இரண்டு கேபிள் இழுத்தால் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்காதே.

நவம்பர் 6

தமிழ் எழுத்துக்கு வருவோம். இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

ஓபிஎஸ்ஸில் எழுத்து போட இரண்டு வகை இருக்கிறது. விண்டோஸில் வருகிற ஜிடிஐ வகை தமிழைச் சரியாகக் கோர்க்கும். ஃப்ரீடைப் வகை எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்துமே தவிர கோர்க்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய இடத்தில் பின்னால் போய் நிற்கும், 'கொடியேற்று' என்று அடித்தால் வாலில் என்ன வருகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள். எல்லாவற்றிலும் நல்லது, ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே ஒரு வெப் பக்கத்தைக் காட்டுகிற பிரவுசர் சோர்ஸ். உள்ளே ஓடுவது குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம், தமிழ் பிசகாது, அனிமேஷனும் அதிலேயே எழுதலாம். அதன் அமைப்பில், காட்சி உயிர் பெறும்போது பக்கத்தைப் புதுப்பி என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பேர்ப்பட்டை ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சறுக்கி வரும்.

பழைய பதிப்பு ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்கள் டைப் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான எஞ்சினைத் தேர்ந்துவிட்டுத் தொடங்குங்கள், அது இல்லாமலும் கொம்பு ஓடிப் போகும்.

ஃபாண்ட்: வாலுக்கு மெல்லிய கோடு ஆகாது, ரொம்பத் தடித்ததும் ஆகாது. மெல்லியதில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரே பிக்சலாகச் சுருங்கிக் காணாமல் போகும், தடித்ததில் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்பு உருண்டையாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இவற்றில் நடுத்தரத் தடிமன் எடுத்தால் பிழைத்தாய். எழுத்து உயரத்துக்கு விளம்பரப் பலகைக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு, பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குலம். நூறு அடி தள்ளி நிற்கிறவருக்குப் பத்து அங்குலம், பி3.91 வாலில் அது 65 பிக்சல். மொத்த உயரம் 640, வரி இடைவெளியும் விட்டால் ஆறு வரிக்கு மேல் வைக்க இடமில்லை. உபயதாரர் பேர் நாற்பதையும் ஒரே பக்கத்தில் போடு என்று கமிட்டியில் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு.

நவம்பர் 6, பின்னும்

கணக்கைக் காட்டினாலும் கேட்க மாட்டார்கள். அதற்கு ஓடும் வரி போடு. ஓடும் வரி துள்ளாமல் ஓட ஒரு சின்ன வித்தை: ஒரு ஃபிரேமுக்கு முழு பிக்சலாக நகர வேண்டும், இரண்டு அல்லது மூன்று, இரண்டரை கூடாது. லேப்டாப் வெளியே விடுவது 60 ஹெர்ட்ஸ் என்றால் ஓபிஎஸ்ஸையும் 60க்கு வை. ஃபிரேமுக்கு 2 பிக்சல், விநாடிக்கு 120, 1024 அகலத்தைக் கடக்க எட்டரை விநாடி. நம் ஆட்கள் பேரைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, அதோ நம்ம மாமா என்று காட்டுவதற்கு அது சரியான நேரம்.

நவம்பர் 8

யாரோ கேட்டிருக்கிறார்கள், நான் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன், எனக்குப் பாமினி என்கிற பழைய தமிழ் ஃபாண்ட்தான் பழக்கம், அதிலேயே வேலை பார்த்தால் என்ன என்று. படமாக ஏற்றுமதி செய்து போடுவதானால் பாமினி, செந்தமிழ், எதுவும் ஓடும். ஆனால் கடைசி நேரத்தில் பேர் மாற்ற வேண்டும் என்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கமிட்டிச் செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு, போனுக்கும் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை. அதைப் பாமினியில் ஒட்டினால் வெறும் கட்டம் கட்டமாக வரும், பாமினியில் அடித்ததை யூனிகோடு பெட்டியில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். லைவுக்கு யூனிகோடு மட்டும். சில செயலாளர்கள் குரல் பதிவாக அனுப்புவார்கள், அதற்கு எந்தக் கன்வெர்ட்டரும் இல்லை. இனிஷியலைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேர்களை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்து, ஓபிஎஸ் எழுத்து சோர்ஸில் ஃபைலில் இருந்து படி என்று கொடுத்துவிடலாம். நோட்பேடில் மாற்றிச் சேமித்தால் வாலில் மாறிவிடும். ஓபிஎஸ் மாதிரியே இன்னொரு மென்பொருளான விமிக்ஸ் வைத்திருப்பவர்கள் எக்செல் தாளையே டேட்டா சோர்ஸாகக் கட்டலாம், ஒரு தம்பியை உட்கார வைத்து அவன் பேர் அடிக்க, நீங்கள் சுவிட்ச் பார்க்க, இரண்டு கை வேலை ஆகும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறி வரிசையாக வரும்.

நவம்பர் 9

எழுத்து உயரம் பற்றி மேலே சொன்னதில் இன்னொரு யோசனை. பத்து அடிக்கு ஒரு அங்குலம் என்பது முன்பின் தெரியாத பேருக்கு. பாட்டு வரிக்கு அத்தனை பெரிசு வேண்டாம். பாட்டு ஊருக்கே மனப்பாடம், முதல் இரண்டு சொல் கண்ணில் பட்டால் மிச்சத்தை வாயே பாடிவிடும். அங்கே முக்கியம் நேரம். அடுத்த வரியை முந்தின வரி முடிவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே ஏற்ற வேண்டும். பாடகர் சரணத்தைத் திரும்பப் பாடுவாரா மாட்டாரா என்பது அவருக்கே தெரியாது, ஆகவே வரிகளை வீடியோவாகச் செய்து ஓட விடாமல் ஒவ்வொரு வரியையும் தனிக் காட்சியாக வைத்துப் பட்டனில் தட்டு.

நவம்பர் 11

யூடியூப் லைவும் சேர்த்துச் செய்கிறவர்கள் சுவிட்சரில் (கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற பெட்டி) பேர்ப்பட்டையை எப்படி மேலே ஏற்றுவது என்று கேட்கிறார்கள். எச்டிஎம்ஐ கேபிளில் ஒளிபுகும் தன்மை போகாது, வெறும் படம்தான் போகும். ஆகவே லேப்டாப்பில் இருந்து பச்சைப் பின்னணியோ கறுப்புப் பின்னணியோ வைத்து அனுப்பி, சுவிட்சரில் வெட்ட வேண்டும். ஏடெம் மினி என்கிற சின்னச் சுவிட்சரில் பச்சை வெட்ட ஒரு கீயர் (பின்னணியை வெட்டுகிற வசதி), வெளிச்சம் பார்த்து வெட்ட ஒரு கீயர், இரண்டும் உண்டு. பச்சையில் அனுப்பினால் மெல்லிய நிழல், மங்கும் விளிம்பு எல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி வரும். கறுப்பில் அனுப்பினால் நிழலே இருக்காது, கறுப்பு எழுத்தும் ஓட்டையாகிவிடும். எனக்குப் பிடித்தது கறுப்பு, ஆனால் பட்டையை நிழல் இல்லாமல் கெட்டி நிறத்தில், நேர் விளிம்போடு வரைவேன். அடர்நீலப் பட்டை என்றால் கறுப்புக்குத் தப்பும் அளவுக்கு வெளிச்சம் ஏற்று.

கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் டூர்னமெண்ட் லைவ் செய்கிற பையன்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஸ்கோருக்கு மேலே சொன்ன டெக்ஸ்ட் ஃபைல் வித்தை போதும். கடிகாரத்தை மட்டும் பிரவுசர் சோர்ஸில் ஓட விடுங்கள். தூத்தூர்ப் பக்கம் ஆட்டம் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு கோலைப் பத்து விநாடி தாமதமாக ஏற்றிப் பாருங்கள், போனில் லைவ் பார்க்கிற வளைகுடாக்காரர்கள் கமெண்டில் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள்.

நவம்பர் 12

6ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம். பிரவுசர் சோர்ஸ் நல்லது என்றேன், அதில் ஃபாண்டை இணையத்தில் இருந்து எடுக்கிற மாதிரி எழுதிவிடாதே. திருவிழா மைதானத்தில் கூட்டம் கூடியதும் செல்போன் டவர் திணறும், ஃபாண்ட் வராது, இருக்கிற ஏதோ ஒரு எழுத்துருவில் போய் விழும், அகலம் மாறி வரி உடையும். ஃபாண்ட் ஃபைலை லேப்டாப்பிலேயே வைத்து அதையே காட்டிக் கொடு. பொதுவாகவே வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார், எது இணையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று தானாகத் தெரியும். வைஃபை அணைந்திருந்தால் விண்டோஸ் அப்டேட்டும் வாலைத் தேடி வராது. ஸ்கிரீனை மிரர் ஆக்காமல் நீட்டித்து வைக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14

செண்டைக்கு வருகிறேன், நிறையப் பேர் இதற்காகத்தான் காத்திருந்தீர்கள் போலிருக்கிறது.

இணையத்தில் கிடைக்கிற பயிற்சி வீடியோ எல்லாம் டிஜே பாட்டுக்குச் செய்தவை. ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்து, அடியில் 60, 100 ஹெர்ட்ஸ் பக்கம் உதைக்கிற கிக் டிரம்மைப் பிடித்து வட்டத்தைப் பெரிதாக்கு என்பார்கள். சிங்காரி மேளத்தில் அந்த இடத்தைப் பிடித்தால் படம் சும்மா குழம்பிக்கொண்டே இருக்கும். கூட்டத்துக்கு வேகம் கொடுக்கிற அடி, செண்டையின் இடந்தலை என்கிற முகத்தில் விழுகிற குச்சி அடி, அது மேல் அலைவரிசையில் இருக்கிறது. ரொம்ப மேலே போனால் இலைத்தாளம் என்கிற பெரிய ஜால்ரா முழுவதையும் நிரப்பிக்கொண்டு எப்போதும் உச்சத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டையைத் தேட வேண்டும். குழுக்காரர்கள் மேடைக்குப் பின்னால் தட்டிப் பார்க்கும்போது ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் எது ஒவ்வொரு அடிக்கும் எம்புகிறது என்று தெரிந்துவிடும். எழும்புவது உடனே, இறங்குவது மெதுவாக என்று வை, அப்போதுதான் அடி விழுந்த மாதிரி இருக்கும். லேப்டாப் மைக்கை நம்பாதே. மைக்செட்காரரிடம் ஒரு அவுட் கேள், இல்லை என்றால் மேளத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மைக்.

மென்பொருளுக்கு, 5ஆம் தேதி ஓபிஎஸ் போதும் என்றது இந்த ஒரு நாளுக்குப் பொருந்தாது. ரெசொல்யூம் இதற்கென்றே இருக்கிறது, ஆனால் காசு கட்டாத பதிப்பில் அவர்கள் லோகோ திரையில் வந்துகொண்டிருக்கும். டச்டிசைனர் இலவசப் பதிப்பு 1280க்கு 1280 வரைதான் விடும், மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள், நம் வால் 1024க்கு 640, அதற்குள் கால் நீட்டிப் படுக்கலாம். கூலி வாங்குகிற வேலைக்கு அந்த லைசென்ஸ் செல்லாது. நீ உன் ஊருக்குச் சும்மாதானே செய்கிறாய், சரி.

இன்னொன்று, அடிக்கு அடி முழு வெள்ளையும் கறுப்புமாக மின்ன விடாதே. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடுவது வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து என்று ஒளிபரப்பு, இணைய விதிகளிலேயே உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது முழுக்கக் குழந்தைகள். நிறத்தை மாற்று, வடிவத்தை விரி, வெளிச்சத்தைக் குத்தாதே.

நவம்பர் 14, இன்னும் கொஞ்சம்

வில்லிசைக்கு நேர் எதிர் யோசனை. அங்கே ஆடுகிற படமே வேண்டாம். பாட்டுக்காரரின் முகமும் வீசுகோலும் பார்க்கத்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கதைக்கு ஏற்ற ஒரு நிற்கும் படம், ரொம்ப மெதுவாக ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தால் போதும். வாலின் வெளிச்சத்தையும் குறைக்கச் சொல். வெளியரங்கப் பேனலைப் பகல் வெளிச்சத்துக்குச் செய்திருக்கிறார்கள், இரவில் கால் பங்கே கண்ணைக் கூசும். ரொம்பவும் குறைத்தால் இருட்டு நிறங்கள் படிப் படியாக உடைந்து தெரியும், அதனால் படத்தையே இருட்டாகச் செய்யாமல் நடுத்தர நிறத்தில் செய்துவிட்டு வாலில் இறக்கு.

நவம்பர் 17

லூப் வீடியோ இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் திக்குகிறது என்று எழுதியிருந்தாய். கார்டைத் திட்டாதே. அந்த எச்.264 ஃபைல் சுருக்கி வைத்த வீடியோ, அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் மற்ற ஃபிரேம்களைப் பார்த்துத்தான் தங்களைக் கட்டிக்கொள்கின்றன, சினிமா பார்க்க நல்லது, அடுக்கி வைத்துத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குத் தாவ ஏற்றதில்லை. ரெசொல்யூம் என்றால் டிஎக்ஸ்வி, டச்டிசைனர் என்றால் ஹாப் வடிவத்துக்கு மாற்று, ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும், பிரிக்கிற வேலையில் பெரும்பங்கைக் கார்டே எடுத்துக்கொள்ளும். ஃபைல் பல மடங்கு வீங்கும், எஸ்எஸ்டியில் வை. மாற்றும்போதே 1024க்கு 640 ஆக்கிவிடு, வாலுக்குப் போகாத பிக்சலை எதற்குச் சுமக்க வேண்டும்.

நவம்பர் 19

குளச்சல் பக்கம் ஒரு ஊரில் நேற்று நடந்தது. ஆபரேட்டர் மேசை மைதானத்தின் பின்கோடியில், வால் முன்னால். வாடகைக்குக் கொடுத்தவர் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளைத் தலைகீழாக இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார், கொடிமரத்துக்கு மேலே போய் வளைந்து, சீரியல் லைட்டோடு சேர்த்துக் கட்டியது. அந்தக் கேபிளுக்கு முனை உண்டு, ஒன்றில் சோர்ஸ், மற்றதில் டிஸ்ப்ளே என்று பொடி எழுத்தில் அடித்திருக்கும், மாற்றிச் செருகினால் படம் வரவே வராது. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் லேப்டாப், ப்ராசஸர், அடாப்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தபோது கீழே இருந்த ஒரு பாட்டி, எடே, கரண்டு வந்திட்டா என்று கேட்டார்கள். கட்டுவதற்கு முன் தரையில் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். செம்புக் கேபிள் என்றால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள், நல்ல கோஆக்சியல் கேபிளில் எஸ்டிஐ (ஸ்டுடியோக்காரர்களின் வீடியோ இணைப்பு) என்றால் நூறு மீட்டர் பக்கம் போகலாம்.

லேப்டாப் சார்ஜரும் வாலும் வேறு வேறு ஃபேஸில் நின்றால் எர்த் சரியில்லாத ஊரில் எச்டிஎம்ஐ போர்ட்டே போய்விடும். ஒளியிழை இதற்கும் நல்லது. யுபிஎஸ் லேப்டாப்புக்கு மட்டும் இல்லை, ப்ராசஸருக்கும் சுவிட்சருக்கும். ஜெனரேட்டருக்கு மாறுகிற அந்த இரண்டு விநாடியில் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், சுவிட்சர் செத்துப் பிழைத்து எழுந்து வரும்.

நவம்பர் 20

பேசுகிறவரின் வாயும் ஒலியும் பொருந்தவில்லை என்று ஒருவர். கேமரா, சுவிட்சர், ப்ராசஸர் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஃபிரேம் பிடித்து வைக்கும். 50 ஃபிரேமில் ஓட்டினால் ஃபிரேமுக்கு 20 மில்லிவிநாடி, 25இல் ஓட்டினால் 40. அதனால் 50இல் ஓட்டு, நடுவில் தேவையில்லாத கன்வெர்ட்டரை எடு. வேடிக்கை என்னவென்றால் ஒலிக்கும் நடை உண்டு, முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு மேடை ஸ்பீக்கர் ஒலி கிட்டத்தட்ட 90 மில்லிவிநாடி பிந்தித்தான் போய்ச் சேரும். பின்னால் பஜ்ஜிக் கடையில் நிற்கிறவருக்கு எல்லாம் சரியாகப் பொருந்தும், முன்வரிசை நாற்காலி கமிட்டித் தலைவர் மட்டும் குறை சொல்வார். அவரைப் பஜ்ஜி வாங்கித் தரச் சொல்.

நவம்பர் 22

உன் வாலில் கேமராவை நேராக வைத்து எடுத்தால் லைவில் அலையலையாகக் கோடு வருகிறது என்றாயே, அது இரண்டு வகை. நகராத வளைகோடு என்றால் பேனலின் கட்டமும் சென்சாரின் கட்டமும் மோதுகின்றன, ஃபோகஸை ஆளின் மேல் வை, வால் கொஞ்சம் மங்கட்டும், கோணத்தை மாற்று. கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடினால் ஷட்டர், 1/50இல் நிறுத்து, பேனலின் ரிஃப்ரெஷ் 1920 ஹெர்ட்ஸா 3840ஆ என்று கேள், 3840 கிடைத்தால் அதை எடு.

மழையில் அடைந்து கிடந்த பேனல் என்றால் முதல் அரை மணி நேரம் குறைந்த வெளிச்சத்தில் சும்மா எரிய விடச் சொல், ஈரம் காயட்டும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நவம்பரில் கிடங்கில் இருந்து வருகிற எதுவும் காய்ந்திருக்காது. உன் முதல் நாள் என்றைக்கு? பேனல்காரர் வருகிற நேரத்தைச் சொல், மத்தியானம் ஓய்வாக இருந்தால் கருங்கல் பக்கம் வருகிறேன், செண்டைக்கான மைக் மட்டும் முன்கூட்டிச் சொல்லி வை.